ஷ்ராப்ஷையரில் குடியேற: ஷ்ரூஸ்பரியா, லட்லோவா, சர்ச் ஸ்ட்ரெட்டனா?

இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸை ஒட்டிய ஷ்ராப்ஷையரில் வீடு தேடுகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்க்கிறார்கள். நான் ரயில் நிலையத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். தெருவிளக்கில்லாத ஒடுக்கமான சாலையில் பால் வாங்கக்கூட கார் எடுப்பது சீக்கிரமே அலுத்துப்போகும். அதனால்தான், மிகப் பிடித்திருந்தும் பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூரை விட்டுவிட்டேன். அங்கே ரயில் 1935-இலேயே நின்றுவிட்டது.

ஷ்ரூஸ்பரியில் எல்லாம் உண்டு: வேலை, பள்ளிகள், அவசர சிகிச்சைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனை. பர்மிங்காமுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் வேறு ஊரே யோசிக்க வேண்டாம். ஆனால் செவர்ன் ஆறு பழைய நகரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 2020, 2022 பிப்ரவரிகளில் தண்ணீர் தெருக்களுக்குள் வந்தது. கோல்ஹாம் பக்கம் வீடு பார்த்தால் வாசல் நிலையைக் கவனியுங்கள். இருபுறமும் உலோகத் தவாளிப்பு இருந்தால், அது வெள்ளத் தடுப்புப் பலகை சொருகும் இடம். விலை ஏன் குறைவு என்று அப்போதே புரிந்துவிடும்.

லட்லோ அழகில் முந்தி. கோட்டை வாசலிலேயே சந்தை கூடுகிறது, செப்டம்பரில் உணவுத் திருவிழா. ரயிலும் உண்டு. ஆனால் உள்ளூர் மருத்துவமனை சிறியது. நெஞ்சுவலி என்றால் ஷ்ரூஸ்பரிக்கோ ஹெரிஃபோர்டுக்கோ போக வேண்டும், இரண்டுமே காரில் அரை மணிக்கு மேல். வயதான அப்பா அம்மா உடன் இருந்தால் இது சின்ன விஷயமில்லை.

ஷ்ரூஸ்பரிக்கும் லட்லோவுக்கும் நடுவில், அதே ரயில் பாதையில் இருக்கும் சர்ச் ஸ்ட்ரெட்டனுக்குத்தான் என் ஓட்டு. ரயிலை விட்டு இறங்கி நடந்தே லாங் மிண்ட் மலையில் ஏறிவிடலாம், உயரம் 516 மீட்டர். ஷ்ரூஸ்பரி மருத்துவமனையும் லட்லோவிலிருந்து போவதைவிடப் பக்கம். கடைகள் குறைவுதான், சமாளிக்கலாம்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மலை ஊருக்கு மேற்கே நிற்கிறது. அதன் அடிவாரத்து வீடுகளில் குளிர்கால வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். ஜூனில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ஜனவரியில், மதியம் இரண்டரை மணிக்குப் போய் அந்த ஹாலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்.