வீட்டு ஓணம் சத்யாவா, ஆரன்முளை வள்ளசத்யாவா?

திருவோணத்தன்று வீட்டில் போடும் சத்யாவில், அதாவது கேரளத்து வாழையிலை விருந்தில், 20, 25 வகை இருந்தாலே பெரிய விஷயம். இலை நுனி இடப்பக்கம். உப்பேரி, இஞ்சிக்கறி, அவியல், ஓலன், காளன் என்று இலை நிரம்பும். சோற்றுக்கு முதலில் பருப்பும் நெய்யும், அப்புறம் சாம்பார். பாயசத்துக்குப் பிறகும் மோருக்குக் கொஞ்சம் சோறு வாங்குவார்கள். திருவனந்தபுரம் பக்கம் பாயசத்தை போளியோடு பிசைந்து சாப்பிடுவார்கள். ஒருமுறை ருசித்தவர் விடமாட்டார்.

பம்பைக் கரையில் ஆரன்முளை பார்த்தசாரதி கோயில் வள்ளசத்யா வேறு ரகம். இது பண்டிகைச் சாப்பாடு அல்ல, வழிபாடு. நேர்ந்துகொண்டவர் பள்ளியோடத்தை, அதாவது கோயிலுக்கான பாம்புப் படகை, அழைப்பார். துடுப்புப் போட்டு வருபவர்கள்தான் விருந்தாளிகள். வகைகள் 60-க்கும் மேல். பரிமாறியதோடு முடியாது. வேண்டியதை வஞ்சிப்பாட்டாக (படகுப் பாட்டாக) பாடிக் கேட்பார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. பாட்டுக்குப் பாட்டு பரிமாறுபவர் ஓடுவதைப் பார்ப்பதே தனி சுகம்.

கூட்டத்தையும் பாட்டையும் பார்க்க ஆரன்முளை. ருசிக்கு என் ஓட்டு வீட்டுக்குத்தான்: அங்கே பெரிய உருளியில் கிண்டிய அவியலில், கடைசியில் விடும் பச்சைத் தேங்காய் எண்ணெய் வாசனை அவ்வளவாக நிற்பதில்லை.