சோழமண்டலமா, கிரீம்ஸ் சாலையா?

சென்னையில் கலைஞர்களை வளர்த்த இடங்களில் இந்த இரண்டும் முக்கியமானவை. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் தொடங்கியது சோழமண்டலம், கலைஞர்கள் வீடு கட்டிச் சேர்ந்து வாழும் கிராமம். அங்கே கலைஞர்கள் பாத்திக் துணி செய்து விற்றார்கள். துணியில் மெழுகு பூசி, சாயத்தில் முக்கி, அப்புறம் மெழுகை நீக்கும் வேலை. அந்த வருமானம் சோறு போட்டதால், வாங்குபவர் ரசனைக்காகப் படம் வரையும் கட்டாயம் குறைந்தது. பக்கத்து வீட்டிலும் ஓர் ஓவியரோ சிற்பியோ இருந்தால் விவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்!

கிரீம்ஸ் சாலையில் இருப்பது லலித் கலா அகாடமி என்ற மத்திய அரசின் நுண்கலை அமைப்பின் மையம்; நகரின் நடுவே இருக்கிறது. வீடு கிடையாது, ஆனால் அச்சு ஓவியத்துக்கும் பீங்கான் வேலைக்கும் பட்டறைகள் உண்டு. அந்தக் கருவிகளைத் தனியாளாக வாங்குவது பெரும்பாடு. கல்லூரி முடித்த கையோடு வருபவருக்கு இதுதான் சரி. ஒரே தேடலில் வருடக்கணக்கில் மூழ்க நினைப்பவருக்கு, என் ஓட்டு சோழமண்டலத்துக்கே.