தாடகை வதம் கொலு செட்: வாங்கிய பின் ஒரு மதிப்புரை

இந்த நவராத்திரிக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக் கடை ஒன்றில் ‘தாடகை வதம்’ செட்டை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். விசுவாமித்திரர், இராமன், இலக்குவன், தாடகை என நான்கு காகிதக்கூழ் பொம்மைகள். இராமன் ஒரு சாண் உயரம், தாடகை அதைப் போல் இரு மடங்கு.

என்னை வாங்க வைத்தது இராமனின் வலக்கைதான். இடக்கையில் வில் இருக்கிறது. வலக்கையோ அம்பை எடுக்காமல் வெறுமையாக நிற்கிறது. தாடகையைக் கொல்ல வேண்டும் என்ற முனிவரின் கருத்து தெரிந்திருந்தும் ‘வடிக் கணை தொடுக்கிலன்’ என்றும், ‘பெண் என மனத்திடை பெருந்தகை நினைந்தான்’ என்றும் கம்பர் பாடிய அந்தக் கணத்தையே பொம்மை செய்தவர் பிடித்திருக்கிறார். கொல்லத் தயங்காத ஒருவன் அவளை வென்றிருந்தால் அது வெறும் வேட்டையாகியிருக்கும். விசுவாமித்திரர் முகத்திலும் கோபச் சிவப்பு பூசப்படவில்லை. சீற்றத்தால் இதைச் சொல்லவில்லை, இந்த அரக்கியிடம் பொறுமை காட்டுவது அருளாகாது என்று அவர் இராமனுக்கு எடுத்துரைக்கும் இடத்துக்கு அந்த அமைதியே பொருத்தம்.

தாடகையைச் செய்த விதத்தில்தான் எனக்கு மனக்குறை. கோரைப்பல்லும் சிவந்த கண்ணும் இருக்கட்டும், கம்பரும் அப்படித்தான் வருணிக்கிறார். ஆனால் அவள் சுகேது என்னும் இயக்கனின் (யட்சனின்) மகள். கணவன் சுந்தன் அகத்தியரின் சினத்தில் எரிந்துபோக, பழிவாங்கப் புறப்பட்டுச் சாபத்தால் அரக்கியானவள். அந்தப் பழைய வாழ்வின் சாயலை ஒரு கால்சிலம்பிலாவது காட்டியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய பிழை, அவள் நிற்கும் பீடத்துக்குப் பச்சை வண்ணம் அடித்திருப்பது. உலோபம் என்ற ஒரே குணம் மற்ற நற்குணங்களையெல்லாம் அழிப்பதுபோல அவள் வளமான மருத நிலத்தைப் பாலையாக்கினாள் என்பது கம்பர் வாக்கு. அவள் மீது அம்பு பாய்ந்ததன் நியாயமே அந்தக் காய்ந்த மண்ணில்தான் இருக்கிறது. பச்சைப் புல்வெளியில் நிற்பவளை எதற்காகக் கொல்ல வேண்டும் என்று கொலு பார்க்க வரும் குழந்தை கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

தாடகையின் சூலம் மெல்லிய கம்பியால் ஆனது. பெட்டியைத் திறக்கும்போதே ஒரு முனை ஒடிந்திருந்தது. கடையில் மாற்றித் தரவில்லை. இலக்குவன் மற்ற செட்டுகளில் வரும் அதே அச்சுதான்.

இத்தனைக்குப் பிறகும் அந்த வெறுங்கைக்காக இதை வாங்கலாம் என்றே சொல்வேன். பீடத்தில் பசை தடவி ஆற்று மணலைத் தூவிக் காய வைத்திருக்கிறேன். மூன்றாம் படியில் அதற்கு இடம் ஒதுக்கியாயிற்று.