மோதாத தேர்வு அட்டவணை: எந்த வழிமுறை எதற்கு உதவும்?

ஒரு மாணவர் எழுத வேண்டிய இரண்டு தாள்கள் ஒரே வேளையில் வரக்கூடாது. இதைக் கணினித்துறையினர் படமாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தாளும் ஒரு புள்ளி. இரண்டு தாள்களுக்கும் பொதுவாக ஒரே ஒருவர் இருந்தால்கூட நடுவே ஒரு கோடு. கோடு தொட்ட புள்ளிகளுக்கு ஒரே நிறம் கூடாது, நிறம்தான் வேளை. குறிப்பிட்ட எண்ணிக்கை நிறங்களுக்குள் முடியுமா என்ற கேள்வியை 1972-இல் கணினி அறிஞர் ரிச்சர்ட் கார்ப் தன் 21 கடினமான கணக்குகளில் ஒன்றாகச் சேர்த்தார். எப்போதும் வேகமாகச் சரியான விடை தரும் வழி இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால்தான் இத்தனை வழிமுறைகள்.

மிக எளியது வெல்ஷ்–பவல், 1967. அதிகக் கோடுகள் உள்ள தாளை முதலில் வை, அதே வேளையில் மோதாமல் இடம்பெறக்கூடியதையெல்லாம் போடு, அப்புறம் அடுத்த வேளை. ஒரு மாலை நேரத்தில் எழுதிவிடலாம். ஆனால் ஏமாறவும் செய்யும். ஆறு தாள்கள் வட்டமாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் பக்கத்துத் தாள்களோடு மட்டும் மோதுகிறது என்று வையுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டே கோடுகள், எனவே வரிசை நம் அதிர்ஷ்டம். 1, 4, 2, 5, 3, 6 என்று அமைந்துவிட்டால் மூன்று வேளை பிடிக்கும். ஒற்றைப்படை ஒரு வேளை, இரட்டைப்படை ஒரு வேளை என இரண்டே போதுமே!

டேனியல் பிரெலாஸ் 1979-இல் தந்த டிசாட்டர் இங்கே சறுக்காது. ஏற்கெனவே எத்தனை வேளைகள் ஒரு தாளுக்கு அடைபட்டுவிட்டன என்று ஒவ்வொரு அடியிலும் எண்ணி, நெருக்கடி அதிகமான தாளை அடுத்து எடுக்கும். 1-ஐ வைத்தவுடன் அதன் பக்கத்தில் இருக்கும் 2-க்கோ 6-க்கோ போகுமே தவிர, 4-க்குத் தாவாது. கூடுதல் வேலை கொஞ்சம்தான். இரண்டில் ஒன்று என்றால் யோசிக்காமல் டிசாட்டர்.

விதிகளையெல்லாம் முழு எண்களுக்கான சமன்பாடுகளாகவும் சமனின்மைகளாகவும் எழுதித் தீர்க்கும் முழு எண் நிரலாக்கத்துக்கு ஒரு தனிப்பெருமை உண்டு: இதற்குக் கீழே முடியாது என்று நிரூபித்துக் காட்டும். சிக்கல், வேளைகளின் பெயரை மாற்றிப் போட்டாலும் அதே அட்டவணைதான் என்பது தானாக அதற்குத் தெரியாது. 10 வேளை என்றால் ஒரே விடை 36,28,800 வேடங்களில் வரும். சிறிய துறைக்குச் சரி. பெரிய பல்கலைக்கழகத்துக்கு வெறுமனே ஓட்டிவிட்டுக் காத்திருப்பது வீண்.

உண்மையில் மோதல் இல்லாமல் வைப்பது பாதி வேலைகூட இல்லை. மாணவருக்கு வலிப்பது காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று அடுத்தடுத்து வருவதுதான். 1996-இல் கார்ட்டர், லபோர்ட், லீ மூவரும் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள்: ஒரு மாணவருக்கு அடுத்தடுத்த வேளையில் இரண்டு தாள் வந்தால் 16 புள்ளி தண்டம், இன்னும் ஒரு வேளை தள்ளிப்போனால் 8, பிறகு 4, 2, 1. வெல்ஷ்–பவலுக்கும் டிசாட்டருக்கும் இந்தக் கணக்கே தெரியாது.

இங்கேதான் சிமுலேட்டட் அனீலிங் ஜெயிக்கிறது. டிசாட்டர் தந்த அட்டவணையை எடுத்து, சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து, தொடக்கத்தில் தண்டம் கூடினாலும் சில சமயம் ஒப்புக்கொண்டு, போகப்போகக் கறாராகும். மாற்றத்துக்குக் கெம்பி சங்கிலி நல்லது. ஒரு தாளை வேறு வேளைக்கு நகர்த்துகிறோம். அங்கே அதோடு மோதுபவை இங்கே வரும். இவற்றோடு மோதுபவை அங்கே போகும். மோதுபவை தீரும்வரை இப்படியே தொடரும். மோதலே பிறக்காது. அறையின் கொள்ளளவை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அனீலிங்கின் குறை, அட்டவணை வெளியான பிறகு தெரியும். தாமதமாகப் பதிவு செய்த ஒரு அரியர் மாணவரால் சம்பந்தமே இல்லாத இரண்டு துறைத் தாள்களுக்கு நடுவே புதிதாக ஒரு கோடு முளைக்கும். மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் எல்லாத் தேதியும் மாறிவிடும். அப்போது அனீலிங்கை விட்டுவிட்டு, கெம்பி சங்கிலியை மட்டும் கையில் எடுங்கள். மோதும் இரண்டில் ஒரு தாளை எடுத்து, இன்னொன்று அதன் சங்கிலியில் சிக்காத வேளைகளைத் தேடி, அவற்றில் எந்தச் சங்கிலி சிறியதோ அதை நகர்த்தினால் போதும்.