பிடிக்கும் வீலா, விடும் வீலா? கடலூர், புதுச்சேரியில் ஸ்லாலம், டவுன்ஹில் ஸ்கேட்போர்டு வாங்குவதற்கு முன்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவன், கல்லூரி முடிந்து மாலையில் வேலை பார்த்துச் சேர்த்த காசோடு வந்து கேட்டான். "அண்ணே, ஒரே போர்டு. அதுலயே ஸ்லாலமும் ஓட்டணும், டவுன்ஹில்லும் இறங்கணும். எதை வாங்கட்டும்?"

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஒரே போர்டில் இரண்டையும் உருட்டிப் பார்க்கலாம், ஆனால் இரண்டையும் நன்றாக ஓட்ட முடியாது. முதல் காரணம் பலகையில் இல்லை, வீலில் இருக்கிறது.

ஸ்லாலத்தில் வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறோம். காலால் தரையை உதைப்பது தொடக்கத்தில் மட்டும்தான். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் உடம்பின் எடையை அழுத்தி, தூக்கி, அதிலிருந்தே வேகத்தை எடுக்க வேண்டும். ஊஞ்சலில் நின்று ஆடுகிறவர் முழங்காலை மடக்கி நிமிர்ந்து உயரே போகிறாரே, அதே வேலைதான். இதை பம்பிங் என்கிறோம். அழுத்தும் நொடியில் வீல் ஒரு விரல் அளவு வழுக்கினாலும் அந்த அழுத்தம் வீண். ஆகவே ஸ்லாலம் வீல் தரையை விடவே கூடாது.

டவுன்ஹில் இதற்கு நேர்மாறு. சரிவில் வேகம் தானாக வரும், அதைக் குறைப்பதுதான் வித்தை. பிளாஸ்டிக் வில்லை பதித்த கையுறையைத் தரையில் ஊன்றி, போர்டைக் குறுக்கே திருப்பி, நான்கு வீலையும் சறுக்க விட்டு வேகத்தைக் கழிப்பார்கள். அதற்கு வீல் நாம் கேட்ட நொடியில் தரையை விட வேண்டும், விட்ட பிறகும் ஒரே சீராகச் சறுக்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தை நான் கேப்பர் மலைச் சரிவில் இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு கற்றேன். ஸ்லாலம் போர்டோடு போயிருந்தேன். பாதி இறக்கத்தில் குறுக்கே திருப்பினேன். மென்மையான, கூர் ஓர வீல் அரை நொடி சறுக்கிவிட்டுச் சட்டென்று தரையைக் கவ்வியது. போர்டு நின்றது, நான் நிற்கவில்லை. வீல் மேல் தவறில்லை, அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. அந்த வேலைக்கு அதைக் கொண்டுபோனதுதான் தவறு.

நம் நிலம் எதற்கு இடம் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புதுச்சேரியும் கடலூரும் கடலோரத் தட்டை நிலம். சரிவு என்று சொல்ல கோரிமேடு, கேப்பர் மலை, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடு, இவ்வளவுதான். சரிவு சிறியதுதானே என்று எண்ணிவிட வேண்டாம். உராய்வையும் காற்றையும் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், உயரத்தில் பத்து மீட்டர் இறங்கினாலே மணிக்கு 50 கிலோமீட்டர் வரும். உராய்வும் காற்றும் கொஞ்சம் தின்றுவிட்டாலும், நிறுத்தத் தெரியாதவனுக்கு மிச்சமிருப்பதே போதும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2017-இல் பீட்டர் கானலி என்பவர் மணிக்கு 146.73 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி உலக சாதனை படைத்தார். அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு அந்த வகைப் போர்டைத் தேடும் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த நீளச் சரிவு இங்கே இல்லை. இங்கே இருப்பது ஸ்லாலத்துக்கு அருமையான சமதளமும், ஸ்லைடு, அதாவது சறுக்கல் பழக நாலைந்து குட்டைச் சரிவுகளும்.

வீலைப் பற்றி நீளமாகவே சொல்கிறேன், காசு முதலில் போக வேண்டிய இடம் அதுதான். 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வர்த்தி, ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கான யூரித்தேனில் செய்த வீலை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் களிமண் கலவை வீல்கள்தான். ஒரு சின்னக் கல் குறுக்கே வந்தாலும் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். யூரித்தேன் வந்த பிறகுதான் ஸ்லாலமும் டவுன்ஹில்லும் பந்தயமாக வளர்ந்தன. 1975-இல் கலிபோர்னியாவின் டெல் மார் போட்டியில் ஸ்லாலம் ஒரு தனிப் பிரிவாகவே நடந்தது.

வீலில் பார்க்க வேண்டியவை விட்டம், கடினம், ஓரம். கடினத்தை ஏ அளவில் சொல்வார்கள். எண் குறையக் குறைய மென்மை. ஸ்லாலத்துக்கு 66 முதல் 72 மில்லிமீட்டர் விட்டம், 78ஏ முதல் 83ஏ வரை கடினம், கத்தி மாதிரி கூர் ஓரம். கோன்கள் நெருக்கமாக இருந்தால் விட்டத்தைக் குறைக்கலாம், சட்டென்று வேகம் எடுக்கும். பின்வீலை முன்வீலைவிட ஒரு படி மென்மையாகப் போடுவது என் பழக்கம். தள்ளுவது பின்பக்கம், அதுதான் கவ்வ வேண்டும்.

டவுன்ஹில் பழக 69, 70 மில்லிமீட்டர் போதும், ஓரம் உருண்டையாக இருக்க வேண்டும். பவல் பெரால்டா நிறுவனத்தின் ஸ்நேக்ஸ் வீல் 69 மில்லிமீட்டர், 75ஏ. எண்ணைப் பார்த்தால் மென்மை, ஆனால் வெண்ணெய் மாதிரிச் சறுக்கும். கடினத்தின் எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. யூரித்தேன் கலவையும் ஓரத்தின் வடிவமும் சேர்ந்துதான் சறுக்கலைத் தீர்மானிக்கின்றன. ஆரங்கடாங் நிறுவனத்தின் வீல்களில் நிறத்தைப் பார்த்தே கடினம் தெரியும்: நீலம் 77ஏ, ஆரஞ்சு 80ஏ, ஊதா 83ஏ, மஞ்சள் 86ஏ. அவர்களுடைய 80 மில்லிமீட்டர் கெகல் வீல், கரடுமுரடான சாலையில் உருட்ட அற்புதம். கோன்களுக்கு நடுவே அது பெரிது, கனம். அதன் கூர் ஓரம் ஸ்லைடு பழகுகிறவனை மன்னிக்காது. பந்தயத்தில் இறங்குகிறவர்கள் டவுன்ஹில்லிலும் அகலமான கூர் ஓர வீல்தான் போடுவார்கள், வளைவில் பிடி வேண்டுமே. அது சறுக்கத் தெரிந்த பிறகு வருகிற கட்டம்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று கடற்கரைச் சாலை மணல். காற்று அடித்த மறுநாள் தார் மேல் மெல்லிய மணல் படலம் இருக்கும். எந்தக் கூர் ஓர வீலும் அதில் தோற்கும். ஒரு தென்னந்துடைப்பத்தைக் கோன்களோடு சேர்த்து எடுத்துப் போங்கள். இன்னொன்று மேட்டுப் பக்கச் செம்மண். கேப்பர் மலையும் கோரிமேடும், நிலவியலாளர்கள் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்த அதே சிவப்புப் பாறைதான். வடகிழக்குப் பருவமழை அதை அரித்துப் பொடிக்கற்களாகச் சாலை ஓரம் கொண்டுவந்து கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சரிவுகளில் இறங்கவே இறங்காதீர்கள். மழை விட்ட பிறகும் ஒரு தடவை நடந்தே மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது ட்ரக், அதாவது பலகைக்கு அடியில் வீல்களைத் தாங்கும் அச்சுத் தொகுதி. போர்டு சாயும்போது அச்சு எவ்வளவு திரும்பும் என்பதை பலகையோடு சேரும் அடித்தட்டின் கோணம் தீர்மானிக்கிறது. 50 டிகிரி என்றால் கொஞ்சம் சாய்ந்தாலே நிறையத் திரும்பும். 35 டிகிரி என்றால் எவ்வளவு சாய்ந்தாலும் நிதானமாகத்தான் திரும்பும். ஸ்லாலத்தில் முன்னே அதிகக் கோணம், பின்னே குறைந்த கோணம். முன்பக்கம் திசை திருப்ப, பின்பக்கம் உறுதியாக நின்று தள்ளும். இரண்டு பக்கமும் ஒரே கோணம் இருந்தால் வாலும் முன்பக்கம் அளவுக்கே வீசி, கோனைத் தட்டும்.

டவுன்ஹில்லில் நெடுங்காலம் இரண்டு பக்கமும் ஒரே கோணம்தான் வழக்கம். 180 மில்லிமீட்டர் அகல ட்ரக், முன்னும் பின்னும் 50 அல்லது 44. வேகம் கூடும்போது வரும் நடுக்கம், அதாவது போர்டு இடமும் வலமுமாக உதறுவது, பெரும்பாலும் பின் ட்ரக் தானாகத் திரும்ப ஆரம்பிப்பதால்தான். பின்கோணத்தைக் குறைத்தால் அந்த உதறல் அடங்கும். ஸ்லாலம்காரர்கள் முன்பிருந்தே செய்துவந்ததை டவுன்ஹில்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். இப்போது குறுகலான ட்ரக்கும் முன் பின் வேறு வேறு கோணமும் அங்கேயும் சகஜம். தம்பியின் கேள்விக்குக் கிடைக்கும் ஒரே நல்ல செய்தி இதுதான்: ட்ரக் விஷயத்தில் இரண்டு விளையாட்டும் நெருங்கி வந்துவிட்டன.

ட்ராக்கர் நிறுவனம் ஆர்டிஎக்ஸ் முன்னுக்கு, ஆர்டிஎஸ் பின்னுக்கு என்று ஸ்லாலத்துக்கென்றே ஜோடி செய்தது. ஆனால் காசை எண்ணிச் செலவு செய்கிறவருக்கு நான் சொல்வது ராண்டல் ஆர்-2 மாதிரி அடித்தட்டை மாற்றக்கூடிய ட்ரக். முன்னே 50, பின்னே 35. ஸ்லாலமும் பழகலாம், சரிவிலும் அதையே இறக்கலாம். ஏற்கெனவே இரண்டும் 50-ஆக வைத்திருந்தால் பின் ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவே பத்து டிகிரி ஆப்பு ஒன்று வைத்தாலே 40 ஆகிவிடும். ஆப்பின் தடித்த பக்கம் எந்தப் புறம் என்பதை மட்டும் கவனியுங்கள். திருப்பி வைத்தால் 60 ஆகிவிடும், அதோடு சரிவில் இறங்குவது ஆபத்து.

புஷ், அதாவது ட்ரக்கின் நடுவே அழுந்தி நிமிரும் வளையம், அதைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரக்கை இறுக்கமாக்க வேண்டுமென்றால் நட்டை முறுக்காதீர்கள், கடினமான புஷ் போடுங்கள். முன்னே மென்மை, பின்னே அதைவிட நாலைந்து எண் கடினம். புஷ்ஷும் யூரித்தேன்தான், வெயிலில் இளகும். தை மாதக் காலையில் சரியாக இருந்த செட்டப் கத்திரி வெயிலில் தளதளவென்று ஆடும். சித்திரைக்கென்று ஒரு படி கடினமான ஜோடியை நான் தனியாக வைத்திருக்கிறேன். இன்னொன்று, பெரும்பாலான ட்ரக்குகளின் நடு ஆணியான கிங்பின்னின் நட்டு 9/16 அங்குலம். வீட்டில் இருக்கும் 14 ஸ்பானர் உள்ளே போகாது, 15 போட்டால் முனை மழுங்கும். அச்சு நட்டுக்கு 13 ஸ்பானர் பொருந்தும்.

பலகைக்கு வருவோம். டவுன்ஹில் பலகை விறைப்பாக இருக்க வேண்டும், ஏழெட்டு அடுக்கு மேப்பிள், அகலம் 22 முதல் 25 சென்டிமீட்டர், கால் வழுக்காமல் அணைக்க நல்ல குழிவு. ட்ரக்கைப் பலகைக்குக் கீழே பொருத்தும் வகையில் வளைவுப் பிடி அதிகம். பலகையைத் துளைத்துப் பொருத்தும் தாழ்ந்த வகையில் காலால் தேய்த்து நிறுத்துவது எளிது, சறுக்க ஆரம்பிப்பதும் எளிது. முதல் முறை வாங்குகிறவருக்குத் தாழ்ந்ததே என் தேர்வு.

ஸ்லாலம் பலகை குட்டை. 70 முதல் 80 சென்டிமீட்டர், இரண்டு ட்ரக்குக்கும் இடைவெளி 43 முதல் 48. நடுவில் லேசாக மேல் நோக்கி வளைந்து, அழுத்தினால் அமுங்கி, எடுத்தால் திருப்பித் தள்ள வேண்டும். இதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கடலூரில் மீன்பிடி ஃபைபர் படகு கட்டிப் பழுது பார்க்கும் கைகளுக்குப் பஞ்சமே கிடையாது. பிசின், கண்ணாடி இழைப் பாய், ஹார்டனர் எல்லாம் அவர்களுக்கு அன்றாடம். நானும் தேவனாம்பட்டினத்துப் படகு வேலைக்காரர் ஒருவரும் சேர்ந்து, மெல்லிய மரைன் ப்ளைவுட்டை வளைத்துக் கட்டி, மேலும் கீழும் இழை ஒட்டி ஒரு பலகை செய்தோம். முதலாவது அளவுக்கு மேல் விறைத்தது. இரண்டாவதில் இழையை ஒரு அடுக்கு குறைத்தார். "படகு அலையில கொஞ்சம் நெளியணும் தம்பி, இதுவும் அப்படித்தானே" என்றார். அந்தப் பலகையில்தான் இன்றும் ஓட்டுகிறேன். டவுன்ஹில் பலகையை மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம். அந்த வேகத்தில் ஒட்டு விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

பேரிங்குக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். ஸ்கேட்போர்டு பேரிங் என்பது பேரிங் கடையில் 608 என்று கேட்டால் எடுத்துத் தரும் அதே அளவு: உள்ளே 8, வெளியே 22, அகலம் 7 மில்லிமீட்டர். நம் உப்புக் காற்றுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் வாங்குங்கள். சுழற்சியில் துளி குறையும், மணல் உள்ளே போகாது. பீங்கான் குண்டு துருப்பிடிக்காதுதான், அது உருளும் எஃகு வளையம் துருப்பிடிக்குமே. இரண்டு பேரிங்குக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் என்னும் இடைக்குழாய் போட மறக்க வேண்டாம்.

ஹெல்மெட்டில் தேர்வே இல்லை. சரிவுக்கு முகம் மூடியது, கையுறை, முழங்கால் கவசம், வளைவின் கீழே வண்டி வருகிறதா என்று பார்த்துக் கைகாட்ட ஒரு ஆள். அந்த ஆள் இல்லாத நாளில் நான் இறங்குவதில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து காலைவரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்பது நமக்குப் பெரிய வரம். ஆனால் அது நடக்க வருகிறவர்களின் இடம். இருட்டு பிரியும்போது கோன் வைத்து, கூட்டம் சேருமுன் எடுத்துவிடுவது மரியாதை.

தம்பி கடைசியில் வாங்கியது இது: 50-க்கு 35 அடித்தட்டு ட்ரக், 70 மில்லிமீட்டர் 80ஏ கூர் ஓர வீல் ஒரு செட், கடலூரிலேயே செய்த குட்டைப் பலகை. மிச்சக் காசுக்கு முகம் மூடிய ஹெல்மெட்டும் வில்லை வைத்த கையுறையும். உருண்ட ஓர வீலும் தாழ்ந்த பலகையும் பொங்கலுக்கு அப்புறம். அதுவரை சரிவுப் பக்கம் வருவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆறடி இடைவெளியில் பன்னிரண்டு கோன்களைத் தட்டாமல் முடிக்க அவனுக்கு மூன்று வாரம் ஆயிற்று. போன ஞாயிறு சுண்ணக்கட்டியால் இடத்தைக் குறிக்கும்போது, "அண்ணே, அஞ்சரை அடியா வைங்க" என்றான்.