உரப்பையா, டம்பலா, ஜிம்மா? வன்னியில் பாரம் தூக்கத் தொடங்குபவருக்கு

புதிதாகப் பாரம் தூக்கிப் பழக நினைப்பவருக்கு வன்னியில் மூன்று வழி இருக்கிறது. வளவிலேயே தண்ணீர்க் கானும் மண் போட்ட உரப்பையும் ஒன்று. காசு கொடுத்து வாங்கும், தட்டு மாற்றக்கூடிய டம்பல் இன்னொன்று. மூன்றாவது வவுனியா, கிளிநொச்சி போன்ற நகரத்து ஜிம். எது நல்லது என்று கேட்டால் பலர் யோசிக்காமல் ஜிம் என்பார்கள். முதல் மூன்று மாதத்துக்கு எங்கள் தெரிவு அதுவல்ல. தொடக்கத்தில் உடம்பு வலுப்பெற, கிழமைக்கு இரண்டு மூன்று நாள் தவறாமல் செய்ய வேண்டும், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர் பின்னேர பஸ்ஸை நம்பி நகரத்து ஜிம்முக்குப் போய்வருவதென்றால் முதலாவதே கைநழுவிவிடும்.

கூட்டிக்கொண்டு போகும் விஷயத்தில் மூன்றிலும் நுணுக்கமானது கான்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 5 லீற்றர் கானுக்குள் அரை லீற்றர் போத்தலால் அளந்து ஊற்றினால் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறலாம். ஜிம் டம்பல்கள் பெரும்பாலும் 2.5 கிலோ இடைவெளியில்தான் இருக்கும். 5 கிலோவைத் தோளுக்கு மேல் 12 தடவை தூக்கியவர் அடுத்து 7.5 ஐ எடுக்கும்போது பாரம் ஒரேயடியாக அரைவாசி கூடிவிடுகிறது. தோள் பயிற்சியில் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். கானிலும் குறை உண்டு. பாதி நிரம்பிய தண்ணீர் அலைந்து மணிக்கட்டை இழுக்கும். ஆகவே தலைக்கு மேல் தூக்கும் கானுக்குக் காய்ந்த மணல் போடுங்கள். நிறையப் போட்டால் 5 லீற்றர் கான் ஏறக்குறைய 8 கிலோ வரும். கைபிடி உள்ளங்கையை வெட்டினால் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக்கொள்ளலாம்.

50 கிலோ உரப்பையை முழுக்க நிரப்பக் கூடாது. தடித்த பொலித்தீன் பைக்குள் 15 கிலோ காய்ந்த மணலைப் போட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, அதை உரப்பைக்குள் இறக்குங்கள். மேலதிகமாக 2 கிலோப் பொட்டலங்கள் சிலவற்றைக் கட்டி வைத்தால், தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கைமதிப்பு ஏமாற்றும். வெயிலில் கிடந்தால் பையின் இழை இற்றுவிடும். மாரியில் பொலித்தீன் கிழிந்து மணல் நனைந்தால், 15 கிலோ என்று நீங்கள் தூக்குவது 17, 18 ஆகியிருக்கும்.

இவற்றைக் கொண்டு ஆறு அசைவுகள் செய்யலாம். பையை நெஞ்சோடு அணைத்துக் கதிரை உயரம்வரை குந்தி எழும்புதல். முழங்காலைச் சற்று மடித்து, இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிந்து பையைத் தூக்கி நிமிர்தல். அப்படியே குனிந்தபடி கானை வயிற்றுப் பக்கம் இழுத்தல். தண்டால், முடியாதவர் திண்ணையில் கையூன்றிச் செய்யலாம். தோளுக்கு மேல் கான் தூக்குதல். கடைசியாக இரண்டு கையிலும் கானோடு 30 மீற்றர் நடை. நடையைத் தவிர மற்றவை ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை. முதல் இரண்டு கிழமை இரண்டு சுற்று, பிறகு மூன்று. சுற்றுக்கு நடுவில் இரண்டு நிமிடம் இளைப்பாறுங்கள். இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். மூன்று சுற்றிலும் 12 சுத்தமாக வந்துவிட்டால் அடுத்த நாள் கானில் அரைக் கிலோ, பையில் 2 கிலோ கூட்டலாம். ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு.

கூடுதலாகப் பிசகுவது இரண்டாவது அசைவில். நெல் மூட்டை தூக்கிப் பழகியவர் முதல் நாளே 40 கிலோவில் தொடங்கப் பார்ப்பார். மூட்டையை ஒரு தடவை தூக்கி லொறியில் போடுவது வேறு, 12 தடவை ஏற்றி இறக்குவது வேறு. எட்டாவது தடவையில் களைத்த முதுகு வளையும், நாரி பிடித்துக்கொள்ளும். பாரம் இல்லாமல் முதலில் பழகுங்கள். நீளத் தடி ஒன்றை முதுகோடு பிடித்துக் குனியும்போது அது பின்தலை, மேல்முதுகு, குண்டிக்கு மேலுள்ள எலும்பு மூன்றையும் தொட்டபடியே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விலகினால் அந்த அளவோடு குனிவதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜிஐ இரும்புக் குழாயின் இரு முனையிலும் பெயின்ற் வாளியில் சீமெந்து வார்த்துச் செய்யும் பாரத்தை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கொங்கிறீற் லீற்றருக்கு ஏறக்குறைய 2.4 கிலோ, 4 லீற்றர் வாளி இரண்டே குழாயில்லாமல் 19 கிலோவைத் தாண்டும். புதியவரின் தோளுக்கு அது அதிக பாரம், குறைக்கவும் வழியில்லை. இரு பக்கமும் சமமாக வருவது அரிது. வழுவழுப்பான குழாயில் வாளி நாளடைவில் கழன்று சுற்றத் தொடங்கும், தலைக்கு மேலே அது நடந்தால் ஆபத்து.

டம்பல் வாங்குவதானால் வார்ப்பிரும்புத் தட்டையே பாருங்கள். பிளாஸ்ரிக் உறைக்குள் சீமெந்து அடைத்த தட்டு விலை குறைவு, ஆனால் தடிப்பு அதிகம். நான்கு தட்டிலேயே கம்பி நிறைந்துவிடும், விழுந்தால் வெடிக்கும். பழைய இரும்புத் தட்டில் துரு இருந்தால் பயப்பட வேண்டாம், கம்பித் தூரிகையால் தேய்த்து வர்ணம் பூசினால் சரி. கட்டாயம் பார்க்க வேண்டியது துளையின் விட்டம். 25, 28, 50 மில்லிமீற்றர் என்று வெவ்வேறாக வரும், கம்பிக்குப் பொருந்தாத தட்டு வீண் காசு. 1.25 கிலோத் தட்டு குறைந்தது நான்கு இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் பூட்டுத் திருகை இறுக்குங்கள். வசதி, காலநிலை, வீட்டுக்குள் செய்யும் சுதந்திரம் எல்லாவற்றிலும் டம்பல் முந்தும். வெளியில் பயிற்சி செய்யத் தயங்கும் பெண்களுக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். காலுக்கு மட்டும் சில மாதத்தில் பாரம் போதாமல் போகும், அப்போது உரப்பை துணைக்கு வரும்.

ஜிம் வெல்லும் இடங்களும் உண்டு. செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்கும் நிலை தடுமாறுபவர்களுக்கும், உட்கார்ந்து தள்ளும், மேலிருந்து இழுக்கும் இயந்திரங்கள் தூக்கிச் சுமக்கும் பையைவிடப் பாதுகாப்பு. உடம்பில் எறிகணை (செல்) துண்டு இருப்பவர்கள், அது முள்ளந்தண்டுக்கோ மூட்டுக்கோ அருகிலென்றால், எந்த வழியானாலும் வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கால் பலம் வேகமாக வளரவும் ஜிம் பார்பெல்லுக்கு (இரு முனையிலும் தட்டு மாட்டும் நீளக் கம்பி) ஈடில்லை. ஆனால் நீளப் பார்பெல் வெறுமையாகவே 20 கிலோ. அதைத் தலைக்கு மேல் தூக்க முதல் நாளே முயல வேண்டாம். "இன்று நெஞ்சு, நாளை கை" என்று ஆறு நாள் அட்டவணை தந்தால், மூன்று நாளும் முழு உடம்புக்குமான பயிற்சி கேளுங்கள். வாங்கில் படுத்துத் தள்ளும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

காண்டாவன வெயிலில் காலை ஆறரைக்கு முன் அல்லது பின்னேரம் ஐந்தரைக்குப் பின் செய்யுங்கள். அரிவு வெட்டும் நாளில் பயிற்சி வேண்டாம், வயலே போதும். தசை நோ இரண்டு மூன்று நாள் இருப்பது வழமை. சலம் கோலா நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஜிம்மில் புரதப் பவுடரையும், பலம் கூட்டக் குடிக்கும் கிரியாற்றின் (creatine) தூளையும் வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலும் பதிவாகியிருக்கிறது, தொடக்கத்தில் அது அறிகுறி காட்டாது. முதலில் இரத்தத்தில் ‘கிரியாற்றினின்’ (creatinine, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவையும் சலத்தில் அல்புமின் என்ற புரதத்தையும் சோதியுங்கள். கிரியாற்றின் தூள் குடிக்கத் தொடங்கிய பிறகு சோதித்தால் இரத்தத்தில் ‘கிரியாற்றினின்’ கூடுதலாகக் காட்டிக் குழப்பக்கூடும். சிறுநீரகம் நலமென்றால் 60 கிலோ நிறையுள்ளவருக்கு நாளுக்கு 70 முதல் 95 கிராம் புரதம் போதும். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் பச்சை மீனில் 18 முதல் 20 கிராம், 100 கிராம் காய்ந்த பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் இருக்கிறது.