தண்ணீர் பட்ட தேக்கு மேசை: சரிசெய்து பல வருடம் புழங்கிய அனுபவம்

மேசையில் தண்ணீர்க் கறை என்றதும் எல்லோருக்கும் மேல்பலகைதான் நினைவுக்கு வரும். சரிசெய்த மேசையைப் பல வருடமாகத் தினமும் புழங்கிய பிறகு என் கருத்து வேறு. மேசையைக் கெடுக்கிற தண்ணீர் பெரும்பாலும் பலகையின் வெட்டு முனைகள், அடிப்பக்கம், கால்களின் அடி வழியாகத்தான் உள்ளே போகிறது. நாம் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவதோ மேலே மட்டும்.

முதலில் கறையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வட்டம் என்றால் ஈரம் பாலிஷ் படலத்தோடு நின்றுவிட்டது, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ந்த பருத்தித் துணியை மடித்து மேலே போட்டு, அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், சில விநாடி வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். அரக்கு பாலிஷ் போட்ட பழைய மேசைகளில் இது நன்றாகவே வேலை செய்யும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பாலிஷே இளகிவிடும்.

கறுப்புக் கறை வேறு கதை. எங்கள் மேசையில் பூந்தொட்டியின் இரும்பு வளையம் ஈரத்தோடு நின்ற இடம் அது. ஈரம், இரும்பு, மரத்தில் இருக்கும் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் மூன்றும் சேர்ந்தால் மை மாதிரி ஒரு கறுப்பு உண்டாகி மரத்துக்குள் இறங்கிவிடும். அதை உப்புத்தாளால் மட்டும் தேய்த்து எடுக்கப் பார்த்தால் பலகையில் குழிதான் விழும். பழைய பாலிஷை முழுக்க எடுத்துவிட்டு, ஆக்ஸாலிக் ஆசிட்டை வெந்நீரில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துப் பூசினோம். கறை மேல் மட்டும் பூசினால் அந்த இடம் வெளுத்துத் தனியாகத் தெரியும். பலகை முழுக்கப் பூச வேண்டும். கண்ணெதிரே கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மங்கி, கடைசியில் மெல்லிய கோடு ஒன்றுதான் மிஞ்சியது. ஆனால் இது விஷம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காய்ந்த பொடியை நல்ல தண்ணீரில் சில முறை துடைத்து எடுக்காமல் உப்புத்தாள் போடவே கூடாது, அந்தத் தூசி மூச்சில் போகும்.

அப்புறம் மரம் உள்வரை காய வேண்டும். வெயிலில் போட்டால் வெடிப்பு விடும். நிழலில், இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி பலகையை நிமிர்த்தி வைப்பதுதான் நல்லது. காய்ந்ததும் மரத்தின் ஓட்டத்திலேயே 120, 180, 220 என்று எண் ஏற ஏற நைசான உப்புத்தாளால் தேய்த்தோம். நடுவில் ஒரு தடவை ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் நார் மயிர் மாதிரி எழும்பும். அது காய்ந்தபின் லேசாகத் தேய்த்துவிட்டால் பிறகு தண்ணீர் பட்டாலும் சொரசொரப்பு வராது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. பூச்சு ஒட்ட வேண்டுமானால் பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்க வேண்டும்.

மேல்பலகைக்குப் பாலியூரிதேன் என்கிற பிளாஸ்டிக் வகை வார்னிஷ் மூன்று கோட்டு. முதல் கோட்டு தின்னர் கலந்து நீர்க்க, அடுத்தவற்றுக்கு முன் 320 தாளால் ஒரு மெல்லிய தேய்ப்பு. இதே கணக்கில் அடிப்பக்கத்துக்கும் பூசினோம். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் ஈரத்தை இழுத்து உப்பும், பலகை வளையும். சட்டத்துக்கும் கால்களுக்கும் ஆளிவிதை எண்ணெய். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

இத்தனை வருடத்தில் பாலியூரிதேன் தண்ணீர் விஷயத்தில் ஏமாற்றவில்லை. சிந்தியதைத் தாமதமாகத் துடைத்தாலும் தடம் விழுவதில்லை. குறை என்னவென்றால், ஆழமான கீறல் விழுந்தால் ஈரம் அதன் வழியே படலத்துக்கு அடியில் போய் வெளிறிய திட்டு வருகிறது. அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் தனியாகத் தெரிகிறது. எண்ணெய் பூசிய பகுதி நேர்மாறு: காவல் குறைவு, பராமரிப்பு சுலபம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். முத்தாக நின்றால் சரி, பரவி மரம் கறுத்தால் மறுபடி எண்ணெய் தேய்க்கும் நேரம்.

கால்களின் அடிதான் எனக்கு மிகப் பெரிய பாடம். அது வெட்டு முகம். மரம் வேரிலிருந்து நீர் இழுத்த குழாய்கள் எல்லாம் அங்கே திறந்து கிடக்கின்றன. தரை துடைக்கும்போதெல்லாம் குடிக்கும். மேசையைக் கவிழ்த்து, இனி உறிஞ்சாது என்கிற வரை பாலியூரிதேனைத் திரும்பத் திரும்பப் பூசி, காய்ந்ததும் நைலான் குமிழ் அடித்தோம். அதற்கு முன் கால்களின் அடியில் ஏறிக்கொண்டிருந்த கருமை அதோடு நின்றுவிட்டது.

துகள் பலகை (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்தது) மேசை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: தண்ணீரில் உப்பிய துகள் பலகை பழைய நிலைக்கு வராது, பணத்தையும் உழைப்பையும் அதில் கொட்ட வேண்டாம். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீர் மட்டும் கிளம்பியிருந்தால் வெள்ளைப் பசை விட்டு, கிளாம்ப் போட்டு ஒரு இரவு இறுக்கி வைத்தால் உட்கார்ந்துவிடும்.

இப்போது என் மேசையில் தேய்ந்திருப்பது முன்விளிம்பு, முழங்கை உரசும் இடம். அங்கே மினுமினுப்பு போய்விட்டது, தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் விளிம்பு முழுவதையும் 320 தாளால் தேய்த்து ஒரு கோட்டு கொடுக்கப்போகிறேன்.